போடியில் இரட்டை நோடு கிளஸ்டர்: சில ஏலக்காய்ப் பருவங்களின் பயன்பாட்டு அனுபவம்

இரண்டு சர்வர்களையும் அவற்றுக்குப் பொதுவான ஒரு சேமிப்பகத்தையும் இணைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று வேலையைத் தாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட கிளஸ்டர் ஒன்றை, போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கொள்முதல் செய்யும் நிறுவனம் ஒன்றுக்காகப் பல பருவங்களாகப் பராமரித்து வருகிறேன். நிறுவும் முறையைப் படிப்படியாக விளக்கும் ஆவணங்கள் ஏராளமாக இருப்பதால் அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. நிறுவி முடித்த பின்பு, மின்சாரம் நிலையில்லாத ஒரு மலையடிவார ஊரில், இந்த அமைப்பு எங்கே நம்பிக்கையைக் காப்பாற்றியது, எங்கே கூடுதல் கவனத்தைக் கேட்டது என்பதையே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இரண்டே நோடுகள், அதாவது உறுப்புச் சர்வர்கள், கொண்ட கிளஸ்டரின் தரத்தை, உயிரோடு இருக்கும் நோடு தன் துணை உண்மையிலேயே செத்துவிட்டது என்பதை எவ்வளவு உறுதியாக அறிந்துகொள்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்கு அடுத்தவை.

தேவை எப்படி எழுந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்நிறுவனத்தின் கொள்முதல் கிடங்குகள் மலைக்கு மேலே, கேரளத்தின் வண்டன்மேடு, கட்டப்பனை, நெடுங்கண்டம் பகுதிகளில் இருக்கின்றன. அங்கே வாங்கப்படும் காய் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ கீழே இறங்கி, போடியில் சல்லடையில் சலிக்கப்பட்டு, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என அளவுவாரியாகவும், ஒரு லிட்டர் காயின் எடைவாரியாகவும் பிரிக்கப்பட்டு, மூட்டைக்கு மூட்டை எண் இடப்பட்டுக் கணினியில் ஏறுகிறது. போடியிலும் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இருப்பதால், ஏல நாளின் காலையில் இருப்புக் கணக்கு திறக்கவில்லை என்றால் எந்த லாட்டை எந்த விலை வரை கேட்பது என்று முடிவு செய்ய இயலாது. அறுவடை உச்சத்தில் இருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையின் மாலை இடியும் மின்னலும் கம்பம் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொள்ளும். வேலை மிகுந்த காலமும் மின்சாரம் கைவிடும் காலமும் இங்கே ஒன்றாகவே வருகின்றன.

அமைப்பு எளிமையானது. ஒரே மாதிரியான இரண்டு சர்வர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பவர் சப்ளை. நடுவில் இரண்டு கன்ட்ரோலர்கள் கொண்ட ஒரு சேமிப்பகப் பெட்டி, தரவை இரட்டை நகலாகப் பரப்பி வைக்கும் ரெய்டு 10 முறையில் வட்டுகள், ஒரு மாற்று வட்டு. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் தனித்தனி எஸ்ஏஎஸ் கேபிள்கள் செல்கின்றன. இந்தப் பல பாதைகளை நிர்வகிக்கும் மல்டிபாத் மென்பொருள் அவற்றை ஒரே வட்டாகக் காட்டுகிறது. அல்மாலினக்ஸ் இயங்குதளத்தின் மேல், நோடுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தையைக் கோரோசிங்க் பார்த்துக்கொள்கிறது. எந்தச் சேவை எங்கே ஓட வேண்டும் என்பதைப் பேஸ்மேக்கர் முடிவு செய்கிறது. அது நிர்வகிக்கும் சேவைகள் நான்கு: வட்டிடத்தைப் பகுத்துத் தரும் எல்விஎம் தொகுதி, அதன் மேலுள்ள எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பயனர்கள் இணையும், சேவை ஓடும் நோடுக்கே மாறிச்செல்லும் மிதக்கும் ஐபி முகவரி. நான்கும் ஒரே குழுவாக, இதே வரிசையில் எழும். தலைகீழ் வரிசையில் இறங்கும். விண்டோஸ் சர்வரின் ஃபெயில்ஓவர் கிளஸ்டரும் இதே வேலையை நன்றாகவே செய்யும். உரிமக் கட்டணமும், தரவுத்தளம் ஏற்கெனவே லினக்ஸில் இருந்ததும் எங்களை இந்தப் பக்கம் திருப்பின.

எக்ஸ்எஃப்எஸ் போன்ற சாதாரணக் கோப்பமைப்பை ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களும் மவுன்ட் செய்தால், அதாவது பயன்பாட்டுக்கு இணைத்தால், தரவு சிதைந்துவிடும். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கர்கள் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதிக்கொண்டே போனால் பக்கங்கள் என்ன ஆகுமோ, அதுதான் வட்டிலும் ஆகும். பகிர்வுச் சேமிப்பகக் கிளஸ்டரில் நாம் அஞ்ச வேண்டியது சர்வர் நிற்பதை அல்ல, இதைத்தான். இரண்டு நோடுகளுக்கு இடையே இணைப்பு அறுந்தால், எதிரே இருப்பது செத்துவிட்டதா, அல்லது உயிரோடு இருந்துகொண்டு பேச முடியாமல் இருக்கிறதா என்று எந்த நோடுக்கும் தானாகத் தெரியாது. ஆகவே, வட்டைத் தொடுவதற்கு முன் எதிர் நோடைக் கட்டாயமாக அணைத்துவிட வேண்டும். இதற்குத்தான் ஃபென்சிங். பேஸ்மேக்கரில் இது ஸ்டோனித் என்ற பெயரில் இருக்கிறது. இயல்பாகவே செயல்பாட்டில் இருக்கும். அதை அணைத்துவிட்டால் கிளஸ்டர் உடனே ஓடத் தொடங்கிவிடும் என்று அறிவுறுத்தும் வழிகாட்டிகளை அடிக்கடி காண்கிறேன். சோதனைக் கணினியில் கற்பதற்கு அது போதும். பொது வட்டு ஒன்று இணைந்திருக்கும் இடத்தில் அந்த அறிவுரையைப் பின்பற்றக் கூடாது.

அமைத்துத் தந்த நிறுவனம் ஃபென்சிங்கை அணைக்கவில்லை. ஆனால் ஐபிஎம்ஐ வழியை மட்டும் வைத்திருந்தது. ஒவ்வொரு சர்வரிலும் உள்ள மேலாண்மைச் சில்லுக்கு வலையமைப்பு வழியாகக் கட்டளை அனுப்பி அந்தச் சர்வரை அணைக்கும் முறை இது. ஒப்படைப்பின்போது அவர்கள் ஒரு நோடைக் கட்டளை கொடுத்து முறையாக நிறுத்திக் காட்டினார்கள், சேவைகள் சில விநாடிகளில் மறுபக்கம் சென்றன, அனைவரும் மகிழ்ந்தார்கள். முறையான நிறுத்தத்தில் நோடு தானே விடைபெற்றுக்கொண்டு போகிறது. அங்கே ஃபென்சிங்குக்கு வேலையே இல்லை என்பதால் அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. சேவை ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் இரண்டு மின்கம்பிகளையும் ஒரே நேரத்தில் பிடுங்கும்படி நான் கேட்டேன். பிடுங்கியதும் மேலாண்மைச் சில்லும் மின்சாரம் இன்றி அணைந்தது. மறு நோடு அதற்குக் கட்டளை அனுப்பியது, பதில் இல்லை, மீண்டும் அனுப்பியது, பதில் இல்லை. எதிர் நோடு செத்ததற்கு உறுதி கிடைக்காததால் பேஸ்மேக்கர் எந்தச் சேவையையும் எழுப்பாமல் காத்திருந்தது. விதிப்படி அது செய்தது முற்றிலும் சரி. ஆனால் யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து ஒரு சர்வர் மட்டும் மின்சாரம் இழப்பதுதான் போடியில் மிகவும் இயல்பாக நேரக்கூடிய கோளாறு. அந்தக் கோளாறிலேயே கை கட்டி நிற்கும் கிளஸ்டரால் என்ன பயன்?

தீர்வு இரண்டு பக்கங்களிலிருந்தும் வந்தது. முதலாவது மின் இணைப்பு. ஒரு சர்வர் முழுவதும் ஒரு யுபிஎஸ்ஸிலும் மற்றது முழுவதும் இன்னொன்றிலும் இருந்ததை மாற்றி, ஒவ்வொரு சர்வரின் இரண்டு பவர் சப்ளைகளும், சேமிப்பகப் பெட்டியின் இரண்டு பவர் சப்ளைகளும் வெவ்வேறு யுபிஎஸ்ஸில் விழும்படி செய்தோம். ஒரு யுபிஎஸ்ஸே முழுச் சுமையையும் தாங்கும் திறன் உள்ளதாக இருந்தால்தான் இது பொருந்தும். பாதிச் சுமைக்கு வாங்கியதாக இருந்தால் ஒன்று விழும்போது மற்றதும் கூடவே விழும்.

இரண்டாவது எஸ்பிடி. சேமிப்பகத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதையே நோடுகளுக்கு இடையிலான அஞ்சற்பெட்டியாகப் பயன்படுத்தும் முறை இது. எதிர் நோடின் பெட்டியில் இறந்துபோகும்படி ஒரு செய்தி எழுதப்படும். அந்த நோடு உயிரோடு இருந்தால் அதைப் படித்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். படிக்க முடியாத அளவுக்கு உறைந்துபோயிருந்தால், குறித்த நேரத்துக்குள் சர்வரிடமிருந்து உயிர்க்குறி வராவிட்டால் இயங்கும் வன்பொருள் வாட்ச்டாக் அதை மறுதொடக்கம் செய்யும். மின்சாரமே இல்லையென்றால் ஏற்கெனவே இறந்ததுதான். இவற்றில் எதுவாக இருந்தாலும் குறிப்பிட்ட காத்திருப்பு நேரம் முடிந்ததும் எதிர் நோடு செத்துவிட்டதாகக் கொள்ளலாம்; அதனிடமிருந்து பதில் வர வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் கருத்து. இயல்பு மதிப்புகள் வாட்ச்டாக்குக்கு 5 விநாடியும் செய்திக் காத்திருப்புக்கு 10 விநாடியும். மல்டிபாத் ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நேரத்தையும் கணக்கில் கொண்டு நாங்கள் 15, 30 என வைத்திருக்கிறோம். காத்திருப்பு வாட்ச்டாக் நேரத்தைப் போல இருமடங்காகவும், பேஸ்மேக்கரின் ஸ்டோனித் கால அளவு அதைவிடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மென்பொருள் வாட்ச்டாக்கை நம்பக் கூடாது. இயங்குதளத்தின் மையமான கெர்னலே உறைந்தால் அதுவும் சேர்ந்து உறையும்.

அடுத்தது கோரம், அதாவது பெரும்பான்மை. இரண்டு வாக்குகளில் ஒன்று போனால் மீதி ஒன்று பெரும்பான்மை ஆகாது என்பதால், கோரோசிங்கில் இரண்டு நோடுகளுக்கென்றே ஒரு சிறப்பு அமைவு உண்டு. அதில் ஒற்றை வாக்கே போதும். அதை இயக்கினால், தொடக்கத்தில் இரண்டு நோடுகளையும் ஒரு முறையேனும் கண்ட பின்னரே வேலையைத் தொடங்கும் விதியும் தானாகவே இயங்கும். இந்த விதி இல்லையென்றால், தனியாக எழும் நோடு எதிர் நோடைக் கொல்லும், அது எழுந்து இதைக் கொல்லும், இது முடிவின்றித் தொடரும். விதி நல்லதுதான், ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. இடிமழை இரவில் மின்சாரம் முழுவதுமாகப் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, விடியற்காலையில் மின்சாரம் திரும்பும்போது ஒரு சர்வர் மட்டும் எழாமல் போனால், மற்ற சர்வர் நலமாக இருந்தும் யாராவது கையால் அனுமதி கொடுக்கும் வரை காத்துக்கொண்டே இருக்கும். ஏல நாளாக இருந்தால் இதைப் பொறுக்க முடியாது.

ஆகவே மூன்றாவது வாக்குக்காகக் க்யூநெட்டி என்ற வாக்களிப்பு மென்பொருள் ஓடும் ஒரு சிறு கணினியைச் சேர்த்தோம். இதில் தரவு எதுவும் இல்லை. யார் பக்கம் சேர்வது என்று சொல்வது மட்டுமே இதன் வேலை. இதைச் சேர்க்கும்போது முன் சொன்ன இரண்டு நோடு அமைவை நீக்கிவிட வேண்டும். இதை எங்கே வைப்பது என்பதில்தான் விவாதம் நடந்தது. கட்டப்பனைக் கிடங்கில் வைக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது; வேறு மாநிலம், வேறு மின்வழி, வேறு இணைய வழி என்று காரணங்களும் சொல்லப்பட்டன. ஆனால் இங்கே இடி விழும் மாலையில் மலையிலும் இடி விழும்; இணைப்பும் மலைப்பாதையோரக் கேபிளை நம்பியே இருக்கிறது. ஒரு நோடும் மூன்றாம் வாக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டால் மீதி நோடுக்குப் பெரும்பான்மை இருக்காது. ஆகவே போடியிலேயே, வேறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் வரும் தலைமை அலுவலகத்தில், தனிச் சிறு யுபிஎஸ்ஸுடன் வைத்தோம். சர்வர்கள் இருக்கும் கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஒளியிழை இருக்கிறது. இந்த முடிவை இன்றும் சரியென்றே கருதுகிறேன்.

முழு மின்தடைக்குப் பின் எழும் வரிசையும் கவனிக்க வேண்டியது. சேமிப்பகப் பெட்டி தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். சர்வர்கள் அதற்கு முன்பே எழுந்து, வட்டைக் காணாமல், எஸ்பிடியைத் தொடங்க இயலாமல் தடுமாறும். சர்வரின் பயாஸில் மின்சாரம் திரும்பிய பின் தாமதித்து எழும்படி அமைத்ததும் இது தீர்ந்தது. இரண்டு சர்வர்களுக்கும் ஒரே தாமதத்தை வைக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் எழுவது இரண்டாவதைக் காணாமல் அதன் மேல் ஃபென்சிங் கட்டளையை ஏவும்.

சேவை மறு நோடுக்கு மாறும் தாவல் பயனர் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது? ஒரு நோடு திடீரென இறந்தால் அதைக் கண்டறியச் சில விநாடிகள் ஆகும். கோரோசிங்க் 3.1 பதிப்பிலிருந்து நோடுகள் தமக்குள் சுற்றிவிடும் டோக்கன் என்ற செய்திக்குக் காத்திருக்கும் இயல்புக் கால அளவு 3 விநாடி. அதற்கு முன் 1 விநாடி. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் அதைக் கூட்டிக்கொள்வது நல்லது, ஏனெனில் சுவிட்ச் ஒன்று மறுதொடக்கம் ஆவதற்கெல்லாம் ஒரு நோடைக் கொல்ல வேண்டியதில்லை. அதன்பின் எஸ்பிடி காத்திருப்பு, கோப்பமைப்பு மவுன்ட், தரவுத்தளம் தன் பதிவேட்டைப் படித்து மீளும் நேரம், ஐபி முகவரியின் அறிவிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் போல ஆகும். எழுத்து மிகுந்த நேரத்தில் தரவுத்தளத்தின் மீட்சி சற்றுக் கூடுதலாக இழுக்கும். அந்த நேரத்தில் திறந்திருக்கும் இணைப்புகள் அறுந்துபோகும். முடிக்காத பதிவு ரத்தாகிவிடுவதால், எடை மேடையில் இருப்பவர் கடைசி மூட்டையை மட்டும் திரும்ப ஏற்ற வேண்டும். இதைப் பணியாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, திரை உறைந்தால் நிரலை மூடித் திறந்து கடைசி மூட்டை எண்ணைச் சரிபார்க்கும்படி எடை மேடைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறோம். சேவை தடையே இல்லாமல் தொடரும் என்று முதலாளிக்கு வாக்குக் கொடுப்பவர்கள் இந்தக் கிளஸ்டரைப் பற்றித் தவறான எதிர்பார்ப்பை வளர்க்கிறார்கள்.

எதிர்பாராத வீழ்ச்சிகளைவிடத் திட்டமிட்ட பராமரிப்புக்குத்தான் இது எங்களுக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நோடைக் காத்திருப்பு நிலைக்கு அனுப்பி, அதில் புதுப்பிப்புகளை ஏற்றி, மறுதொடக்கம் செய்து, சேவையை மாற்றி, அடுத்ததையும் அவ்வாறே செய்தால், வேலை நாளின் மதிய உணவு வேளையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. முறையான மாற்றத்தில் ஃபென்சிங் காத்திருப்பு இல்லாததால் தடங்கலும் குறைவு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், அந்த நாளை ஒத்திகை நாளாக வைத்துக்கொண்டோம். எலக்ட்ரீசியன் வந்து, “சார், இந்தத் தடவை எந்தப் பெட்டியைப் பிடுங்கணும்?” என்று கேட்கும் அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது.

இரண்டு சிறு அமைவுகளில் அதிகக் கவனம் வேண்டும். ஒன்று, சேவை இருக்கும் இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் தன்மையைக் குறிக்கும் மதிப்பு. பேஸ்மேக்கரில் அது இயல்பாகப் பூச்சியம். கூட்டி வைக்காவிட்டால், விழுந்த நோடு எழுந்ததும் சேவை திரும்பவும் அங்கே தாவி, பகலில் இரண்டாவது தடங்கலை உண்டாக்கலாம். மற்றொன்று, கிளஸ்டரை நிர்வகிக்கும் பிசிஎஸ் கருவியின் நகர்த்தும் கட்டளை. பழைய பதிப்புகளில் அது சேவையை நகர்த்திவிட்டு சேவை எந்த நோடில் ஓடலாம் என்று வரையறுக்கும் இடக் கட்டுப்பாடு ஒன்றை விட்டுச்செல்லும். அதை நீக்காமல் விட்டால், வாரங்கள் கழித்து நள்ளிரவில் வேறு வடிவில் வந்து நிற்கும். 0.11 பதிப்பிலிருந்து அது தானாக நீக்கப்படுகிறது.

மல்டிபாத்தில், எல்லாப் பாதைகளும் அறுந்தால் எழுத்தை வரிசையில் நிறுத்திக் காத்திரு என்ற அமைவு தனிச் சர்வருக்கு நல்லதாக இருக்கலாம். கிளஸ்டரில் அது கேடு. கேபிள் பிடுங்கப்பட்ட நோடில் எழுத்துகள் முடிவின்றித் தொங்கிக்கொண்டிருக்கும். பிழையே வராததால் தாவலும் தாமதமாகும். சில முயற்சிகளுக்குப் பின் பிழையைத் திருப்பித் தரும்படி அமைத்தால் கண்காணிப்பு உடனே விழித்துக்கொள்கிறது.

சேமிப்பகப் பெட்டியைப் பற்றி என் மனநிறைவு அரைகுறையானது. அதன் விலை இரண்டு சர்வர்களின் விலையை நெருங்கியது. கன்ட்ரோலர்கள் இரண்டு, பவர் சப்ளைகள் இரண்டு, பாதைகள் நான்கு என்று எல்லாம் இரட்டையாக இருந்தாலும், பெட்டியும் அதன் பின்பலகையும் ஒன்றே. கிளஸ்டரில் மிச்சமிருக்கும் ஒற்றைப் புள்ளி அதுதான். கிளஸ்டர் இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று எண்ணுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் வழங்குநர் ஒருவரின் புதுப்பிப்பு ஒரு முறை கொள்முதல் அட்டவணையின் ஒரு பத்தியை முழுவதும் தவறாக மாற்றிவிட்டது. இரண்டு நோடுகளும் நலமாக இருந்தன, அந்தத் தவறான தரவைக் குறையின்றிக் காத்தன. கம்பம் கிடங்கில் உள்ள தனிக் கணினிக்குத் தொடர்ந்து சென்றுகொண்டிருந்த போஸ்ட்கிரெஸின் மாற்றப் பதிவுகளை வைத்து, புதுப்பிப்புக்கு முந்தைய நிமிடத்துக்குத் திரும்பியதால்தான் கணக்கு மீண்டது.

இடம் சார்ந்த இரண்டு செய்திகள். கட்டிடங்களுக்கு இடையே இருந்த செம்புக் கம்பி வலையிணைப்பு ஒவ்வொரு மின்னல் பருவத்திலும் சுவிட்ச் போர்ட்டுகளைத் தின்றுகொண்டிருந்தது. ஒளியிழைக்கு மாற்றி, மின்பலகையில் சர்ஜ் அரெஸ்டரும் தனி எர்த்தும் போட்ட பின் அது நின்றது. மற்றொன்று ஏலக்காய்த் தூசி. சலிப்புக் கூடத்தின் தோல் துகள்கள் எவ்வளவு மூடினாலும் சர்வர் அறைக்குள் வந்து விசிறிகளில் அடைகின்றன. கதவைத் திறந்தால் பாயசம் கொதிக்கும் அடுக்களை போல மணக்கும் சர்வர் அறை வேறெங்கும் இருக்காது. மணத்தை ரசித்துக்கொண்டே, கதவில் ஃபில்டர் மாட்டி அதை மாதம்தோறும் தட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

இன்று புதிதாக அமைப்பவர், தரவு சில டெராபைட்டுக்குள் அடங்கும் என்றால், பொதுப் பெட்டிக்கு முன் டிஆர்பிடியைப் பரிசீலிக்கலாம். ஒவ்வொரு சர்வரின் உள்வட்டும் மற்றதன் வட்டுக்கு உடனுக்குடன் நகல் எடுக்கும். அதன் சி நெறிமுறையில் இரண்டு பக்கமும் எழுதி முடிந்த பின்பே எழுத்து முடிந்ததாகக் கொள்ளப்படும். ஒற்றைப் பெட்டி என்ற கவலை நீங்கும். ஆனால் ஃபென்சிங் தேவை அப்படியே இருக்கும், எஸ்பிடிக்கு வேண்டிய பொதுவட்டு மட்டும் இருக்காது. மின்சாரம் போன நோடைப் பற்றிய உறுதிக்கு வேறு வழி தேட வேண்டும்: மூன்றாம் வாக்கோடு வட்டில்லா எஸ்பிடி இணைந்து, பெரும்பான்மை இழந்த நோடை வாட்ச்டாக் மூலம் தானே அணையச் செய்யும் முறை அதற்குப் பொருந்தும். பெட்டியின் உத்தரவாதக் காலம் முடியும் தறுவாயில் இருப்பதால், பழைய சர்வர்கள் இரண்டில் இந்த அமைப்பை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மின்கம்பியைப் பிடுங்கும் சோதனையில் அது தேறினால், வரும் அறுவடை தொடங்குவதற்கு முன், ஜூன் மாதத்துக்குள் மாற்றிவிடலாம் என்பது திட்டம். தேறாவிட்டால் பெட்டிக்கு ஆதரவு ஒப்பந்தத்தை நீட்டிக்கும் விலைப்புள்ளியும் தயாராக இருக்கிறது.